சுவருக்கு அந்தப் பக்கம் கடல்

"தண்ணியை விடுங்க!" என்று படகுக்குள்ளிருந்து நான்தான் கத்தினேன்.

மிதந்துகொண்டிருக்கும் படகுக்குள் கடலை விடச் சொல்லிக் கத்திய முதல் ஆள் அந்தக் கரையில் நானாகத்தான் இருப்பேன். வெளியே, இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற என் கணவர் சவரிமுத்து, பக்கத்து வள்ளத்தில் வைத்திருந்த டீசல் பம்பின் கயிற்றை இழுத்தார். வயலுக்கு இறைக்கிற சின்னப் பம்பு. இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாய் ஒருமுறை உதறிக்கொண்டது. படகின் பின்பக்க அறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சுவர். என் மூக்குக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. சுவரின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்திருந்தேன். ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். வெயில் ஏறி வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே சில்லென்றது. பிறகு அந்தக் குளிர்ச்சி மோதிர விரலுக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்மாய்க்காரி

இந்தத் தொடரில் பள்ளிக்கூடம், இடமாற்றம், தேர்வு வேலை என்றே வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன். "டீச்சர், உங்க ஊட்டுக்காரர் ஒரு பாய்மரப் படகு வச்சிருக்காராமே, அதை எழுத மாட்டீங்களா?" என்று ஒரு வாசகி கேட்டுவிட்டார். எழுதாமல் என்ன?

நான் ஆவூர்ப் பக்கத்துப் பெண். செம்மண், சரளை, மழை பெய்தால் நிறைகிற கண்மாய், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நீர்நிலை. எங்கள் சனம் வாத்தியார் வேலைக்குப் போகும், பட்டாளத்துக்குப் போகும், வளைகுடாவுக்குப் போகும். கடலுக்குப் போனதில்லை. ஆவுடையார்கோவிலுக்கு மாற்றலாகி வந்தபோது, "கடல் கிட்டத்துல இருக்காம்" என்று என் அம்மா கவலைப்பட்டாள். பாம்புப் புற்று கிட்டத்தில் இருக்கிறது என்பது போல.

சவரிமுத்துவும் கடல்காரர் இல்லை. பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தார். கண்ணாடி இழைத் துணியில் பிசின் ஊற்றிப் படகு ஓடு செய்கிற வேலை. போன இடத்தில் அந்த வேலையின் மேலேயே காதல் வந்துவிட்டது.

விடுமுறைக்கு வந்தால் எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் முன்பக்கம், என் மாமாவின் கார் பம்பர். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்து, "இது உள்ளுக்குள்ள ஒட்டு விட்டுப்போச்சு" என்பார். என் மாமா ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

செருப்புதான் போச்சு

ஒருமுறை ஷார்ஜாவிலிருந்து வழக்கமில்லாத நேரத்தில் போன் வந்தது.

"ரோசலி, நல்லாருக்கேன். செருப்புதான் போச்சு."

"செருப்பு போனதுக்கா போன் பண்றீங்க?"

"இல்ல, சும்மாதான்."

நான் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். அந்தச் செருப்பு எப்படிப் போனது என்பது, அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோதுதான் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

பட்டறையில் பழுது பார்த்த ஒரு பாய்மரப் படகை மஸ்கட் வரை கொண்டுபோய் ஒப்படைக்க மூன்று பேரை அனுப்பியிருக்கிறார்கள். இவரும் ஒருவர். நடுக்கடலில் தண்ணீருக்குள் கிடந்த ஏதோ ஒன்று சுக்கானில் மோதியிருக்கிறது. சுக்கானின் இரும்புத் தண்டு வளைந்து, அந்தத் தண்டு படகுக்குள் ஏறிவருகிற குழாயையே பிளந்துவிட்டது. பின்னால் நுழைந்த தண்ணீரைத் தடுக்கப் படகுக்குள் எங்கேயும் ஒரு சுவர் இல்லை. பின்னாலிருந்து முன்னால் வரை ஒரே அறை.

"மெத்தையெல்லாம் மெதந்துச்சு. மெத்தைப் பஞ்சு பம்புக்குள்ள போயி அடைச்சுக்கிருச்சு. பம்பு நின்னுபோச்சு. அம்புட்டுத்தான்" என்றார்.

காற்று அடைத்த மிதவையில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களை ஒரு ஓமன் மீன்பிடிப் படகு தூக்கிவிட்டிருக்கிறது. அவர் கண்ணெதிரே படகு பின்பக்கமாக அமிழ்ந்து போயிருக்கிறது.

நான் எழுந்துபோய்க் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

ராக்கெட்டா டீச்சர்?

அவர் வளைகுடாவை முடித்துக்கொண்டு வந்து, கோட்டைப்பட்டினம் பக்கம் மீனவர்களின் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற கொட்டகை வைத்தார். தொழில் நன்றாகவே நடந்தது. எனக்கும் நிம்மதி. கரையில் நின்று செய்கிற வேலைதானே.

அந்த நிம்மதியில்தான் லாரி வந்து நின்றது.

புதுச்சேரியில் ஒரு தோட்டத்தில் கொடி படர்ந்து கிடந்த பழைய பாய்மரப் படகு. வைத்திருந்தவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாராம். இவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆவுடையார்கோவில் கடைத்தெருவுக்குள் லாரி நுழைந்தபோது, இரண்டு பேர் முன்னால் நடந்து மூங்கில் கழியால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன டீச்சர், ராக்கெட்டா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

அடியில் இரண்டு துடுப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அலை வற்றினாலும் சேற்றில் அந்த இரண்டு காலையும் ஊன்றி நிற்கும் படகு. நம் கடல் ஆழமில்லாத கடல் என்பதால் இதுதான் சரிப்படும் என்று அவர் விளக்கம் சொன்னார். முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சண்டை போட வேண்டும் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சண்டை வரவில்லை. நிபந்தனை மட்டும் வந்தது.

"ஓட்டை விழுந்தாலும் முங்கக் கூடாது. முங்காதுன்னு வாயால சொன்னாப் பத்தாது. எனக்குக் கண்ணால காட்டணும். காட்டுனா நானே ஏறி வாரேன்."

"நீயுமா?"

"ஒங்களை மட்டும் அனுப்பிட்டுக் கரையில நின்னு போனையே பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது."

அவர் படகின் முன்மூக்கைத் தட்டிப் பார்த்தார். "எங்க ஓட்டை விழுந்தாலும்னு கேட்டா என்னால சொல்ல முடியாது. மோதுனா முன்மூக்குல மோதும், இல்லாட்டி சுக்கான்ல மோதும். அந்த ரெண்டு எடத்துக்கும் உள்ள செவுரு வச்சுத் தர்றேன். நடுவுல ஓட்டை விழுந்தா பம்புதான், லைஃப் ஜாக்கெட்டுதான். ஒங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

சுக்கானுக்குள் இருந்தது

செய்யதுவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோட்டைப்பட்டினத்துக்காரர். மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். சவரியின் கொட்டகைக்கு ஒட்டுப் போட வந்தவர், டீ குடிக்க உட்கார்ந்து, அப்படியே சிநேகிதராகிவிட்டார். சவரி அவரை "பாய்" என்றுதான் கூப்பிடுவார். இதனால் பின்னால் படகில் பெரிய குழப்பம். "பாயை இறக்குங்க" என்று நான் கத்தினால், "ஏன் டீச்சர், நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்பார்.

முதலில் சுக்கானைக் கழற்றினார்கள். சுக்கான் என்றால் ஒரே பலகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். இரண்டு ஓடுகளை ஒட்டி, நடுவில் நுரையைத் திணித்து, அதற்குள் எஃகுத் தண்டைச் செருகியிருப்பார்களாம். தண்டிலிருந்து விரல்கள் மாதிரி பட்டைகள் பிரிந்து இரண்டு ஓடுகளையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

சவரி தட்டிப் பார்த்தார். காதைச் சாய்த்தார். "உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

கிரைண்டரை வைத்துப் பிளந்ததும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அழுகின முட்டை நாற்றம். செய்யது ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தார். பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது.

"யா அல்லா, இதை நம்பியா ஓட்டுனாங்க?"

அறந்தாங்கி லேத்துப் பட்டறையில் புதிய தண்டு கடைந்து வந்தது. பழையதைவிடத் தடிமன். அதில் புதிய பட்டைகளைப் பற்றவைத்தார்கள். அடுத்து ஓடு செய்யும்போதுதான் இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

"கீழ வரைக்கும் நல்லாக் கெட்டியாப் போட்டுருவோம் சவரி. பாறையில இடிச்சாலும் பாறை ஒடையட்டும்" என்றார் செய்யது.

"அதான் பாய் தப்பு. முழுக்கக் கெட்டியா இருந்தா அடி நேரா தண்டுக்குப் போயிரும். தண்டு வளைஞ்சு கொழாயைப் பேத்துரும். அன்னைக்கு அதான் நடந்துச்சு. மேல கெட்டியா இருக்கட்டும். கீழ ஒரு பகுதி மட்டும் லேசா இருக்கட்டும். மோதுனா அந்தப் பகுதி போகட்டும், தண்டு நிக்கட்டும்."

"பல்லி வால் மாதிரியா?" என்று நான் கேட்டேன்.

"அதேதான் டீச்சர்" என்றார் செய்யது, தான் சொன்னது போல.

குழிக்கரண்டி வேலை

பிறகு சுவர்கள். முன்மூக்குக்குப் பின்னால் ஒன்று, சுக்கான் குழாய்க்கு முன்னால் ஒன்று. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வெட்டிப் படகின் வளைவுக்கு அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையை அறுத்துப் பொருத்தினார்கள்.

பலகையை வைத்துவிட்டால் சுவர் ஆகிவிடாது. பலகையும் படகு ஓடும் சேருகிற மூலை முழுக்கப் பசை வைத்து, அதை வளைவாக இழுத்துவிட்டு, மேலே கண்ணாடி இழைப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும். அந்தப் பசை சப்பாத்தி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுப்பட்ட பதம். அதை வளைவாக இழுக்கச் சவரி ஏதோ ஒரு தகட்டை வைத்துப் போராடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் வீட்டிலிருந்து குழிக்கரண்டியை எடுத்து வந்தேன். அதன் முதுகால் ஒரே இழுப்பு. மூலை முழுக்க வழவழவென்று வந்தது.

சவரி விரலால் தடவிப் பார்த்தார். "ரோசலி, நீ இங்கிட்டே இரு. எங்கிட்டும் போகாதே" என்றார். அன்றிலிருந்து சனி ஞாயிறு எனக்குக் கொட்டகையில் வேலை. கையுறை, முகமூடி, என் பழைய நைட்டி. பிள்ளைகளின் விடைத்தாள்களில் எல்லாம் பிசின் வாடை அடிப்பதாக எங்கள் தலைமையாசிரியை மூக்கைச் சுளித்தார்.

வெயில்தான் எங்கள் எதிரி. பிசினில் இறுகுவதற்கான மருந்தைக் கலந்து திரும்புவதற்குள் டப்பா கொதித்துப் புகைந்துவிடும். ஒருநாள் டப்பாவே உருகி, செய்யது அதைக் கடல் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார். மறுநாள் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு மீன்பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தார். பிசின் டப்பா அதற்குள் உட்கார்ந்து சாவகாசமாகக் காத்திருந்தது. கொட்டகையில் பிசின் வாடையும் மீன் வாடையும் சேர்ந்து புதிதாக ஒரு வாடை பிறந்தது. மத்தியானம் செய்யதின் மனைவி மும்தாஜ் அக்கா கொடுத்தனுப்பும் மீன் குழம்பைத் திறந்தால்தான் மூக்கு பழைய நிலைக்கு வரும்.

சோப்புக் குமிழ்

சுவர்கள் இறுகிய பிறகு, படகைத் தண்ணீரில் இறக்குமுன் ஒரு சோதனை. பின்னறையை மூடி, அதற்குள் ஊதுகுழாயால் காற்றை ஏற்றினார் சவரி. நான் இந்தப் பக்கம் பெயின்ட் பிரஷ்ஷால் சுவர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஓட்டை இருந்தால் அங்கே குமிழ் வரும்.

என் குழிக்கரண்டி மூலைகளில் ஒன்றுமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது மேலே, விளக்குக்குப் போகிற ஒயர் சுவரைத் தாண்டும் துளையில் ஒரு குமிழ் எட்டிப் பார்த்தது. கோலிக்குண்டு அளவு ஆனது. எலுமிச்சம்பழம் அளவு ஆனது. வானவில் நிறமெல்லாம் காட்டிக்கொண்டு பளபளவென்று பெருத்தது.

"இங்க வந்துருச்சுங்க!" என்றேன்.

நான் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். சவரி வந்து பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கைகள் இரண்டும் முழங்கால் மேல் கிடந்தன. ஒயர் துளையை அடைப்பது அவருக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் அந்தக் குமிழில் அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடலுக்குப் பயந்தது நான் மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். செருப்பைத் தொலைத்த அந்த நாளிலிருந்து அவருக்கும் பயம்தான். அந்தப் பயத்தோடுதான் இந்தப் படகைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குமிழ் பட்டென்று உடைந்து இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

"கரையில வந்துச்சே, அதுக்குச் சந்தோசப்படுங்க" என்றேன்.

ஒயரைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்து இறுக்கி அடைத்தார். மறுபடி சோப்பு. மறுபடி காற்று. சுவர் மூச்சுக் காட்டவில்லை.

தாள் நனையவில்லை

அப்படித்தான் நான் அந்தச் சுவரின் முன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குளிர்ச்சி என் உள்ளங்கை முழுக்க ஏறிவிட்டது. படகு பின்பக்கமாகத் தாழ்ந்தது. என் தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து சுவரில் முட்டி நின்றது. வெளியே செய்யது, "டீச்சர், இருக்கீங்களா?" என்று கத்தினார்.

"இருக்கேன்!"

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்னு சொல்றேன்ல!"

பம்பை நிறுத்தினார்கள். அமைதி. பின்னறையில் தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும், பானைக்குள் கேட்பது போல. நான் செய்தித்தாளைக் கையில் எடுத்தேன். மொரமொரவென்று இருந்தது. ஒரு மூலைகூட நனையவில்லை.

அந்தத் தாளைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் படகுலேருந்து தண்ணியை வெளிய எறைப்பாக. இதுக உள்ள எறைக்குதுக" என்று ஒரு அம்மா சொல்ல, கரையே சிரித்தது. படகு பின்புறம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஜம்மென்று மிதந்தது.

சவரி தண்ணீரில் நின்றபடியே என் கையிலிருந்த தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். ஈரக் கையால் தடவியதில் அது நனைந்துவிட்டது. "இது என் கை ஈரம், இது என் கை ஈரம்" என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

கொண்டல் வீசிய காலை

கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் மட்டும் என்று பேசிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். நான், சவரி, செய்யது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் என்னைப் பார்த்தால் பார்சல் கட்டியது போல் இருந்திருக்கும்.

கிழக்கிலிருந்து கொண்டல் காற்று மெதுவாக வந்தது. பாய்மரத்தில் துணி படபடத்து, பிறகு ஒரு பக்கமாகப் புடைத்து அமைதியானது. இன்ஜினை நிறுத்தினார்கள்.

அந்த அமைதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படகு போகிறது. ஆனால் சத்தமில்லை. தண்ணீர் மட்டும் ஓட்டின் மேல் உரசிக்கொண்டு, சேலையை உதறி மடிக்கிற மாதிரி ஒரு சரசரப்பு. தண்ணீர் கலங்கல் பச்சை. கரை ஒரு கோடாக மெலிந்து, அதன் மேல் தென்னைகள் புல் மாதிரி தெரிந்தன. நான் கம்பியைப் பிடித்திருந்த கையை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

செய்யது, "இன்ஜின் இல்லாம போறது எனக்கே புதுசா இருக்கு டீச்சர்" என்றார். அவர் குரல்கூடத் தணிந்திருந்தது.

திரும்பலாம் என்று சவரி சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அடி விழுந்தது.

தென்னை மரம்

மேலே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரில் ஊறி, மேல்மட்டத்துக்குக் கீழே கிடந்த தென்னை மரம். படகின் இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்து, நேராகச் சுக்கானில் மோதியது. சவரியின் கையிலிருந்த சுக்கான் பிடி எகிறியது. மளுக்கென்று ஒரு சத்தம். என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மரம் பின்னால் ஒரு புரட்டுப் புரண்டு முதுகைக் காட்டிவிட்டுப் போனது. அதன் பக்கத்தில், வெள்ளையாக ஒரு துண்டு மிதந்தது. எங்கள் சுக்கானின் அடிப்பகுதி.

சவரி அசையவில்லை. பிடியைப் பற்றியபடி நின்றார். கண்கள் என்னைப் பார்த்தன. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க, உள்ள போயிப் பாருங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை.

நானே இறங்கினேன். சுவரின் மேல்பகுதியில் கண்ணாடி மாதிரி தெளிவான வட்ட மூடி ஒன்று வைத்திருந்தோம். அதன் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்னறையில், சுக்கான் குழாயின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. மோதிய வேகத்தில் குழாயின் அடிப்பிடிப்பு விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் வேகமாகவே ஏறியது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறியது. ஏறியது. பிறகு ஏறவில்லை. வெளியே கடல் எந்த மட்டத்தில் இருந்ததோ, அந்த மட்டத்தில் உள்ளேயும் நின்றுவிட்டது. மட்டம் சமமானால் நீர் நிற்கும் என்று எத்தனையோ வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். அது இவ்வளவு அழகான பாடம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பக்கத்துத் தரையைத் தொட்டேன். காய்ந்து கிடந்தது.

"பாய், பிடியை வாங்கிக்கங்க" என்று மேலே பார்த்துச் சொன்னேன். செய்யது வாங்கிக்கொண்டார். "ஏங்க, நீங்க கீழ வாங்க."

சவரி வந்தார். படியில் தடுமாறினார். அவர் கையைப் பிடித்து இழுத்து, சுவரில் வைத்தேன்.

"நிக்குதுங்க."

அவர் கையை எடுக்கவில்லை. பிறகு காதையும் அதே இடத்தில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கேட்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிக்குது ரோசலி."

"அதான் சொல்றேன்."

"நிக்குதுடீ!"

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'டீ' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

மேலேயிருந்து செய்யது, "தண்டு வளையலை சவரி! பிடி லேசாத் திரும்புது! மெதுவாப் போனா வீடு போயிரலாம்!" என்று கத்தினார். சுக்கானின் மேல்பாதி மிச்சமிருந்தது. அது போதும். பாயைச் சுருட்டிக் குறைத்துக்கொண்டு, பின்பக்கம் தாழ்ந்தபடி, கர்ப்பிணி நடப்பது போலப் படகு கரைக்குத் திரும்பியது. பாதி வழியில் எனக்குப் பசித்தது. மும்தாஜ் அக்கா கட்டிக்கொடுத்த பிரியாணிப் பொட்டலங்களை அவிழ்த்தேன். பின்னால் ஒரு அறை நிறையக் கடலை வைத்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட்டோம். செய்யது சாப்பிடும்போது பிடியை நான் வாங்கிக்கொண்டேன். கரை வரை திருப்பிக் கொடுக்கவில்லை.

கரையில்

படகு பின்பக்கம் தாழ்ந்து வருவதைப் பார்த்துக் கரையில் கூட்டம் கூடிவிட்டது. மும்தாஜ் அக்கா முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு டீச்சர்?"

"சுக்கான் ஒடைஞ்சிருச்சுக்கா. பின்னால தண்ணி பூந்துருச்சு."

"எம்புட்டுத் தண்ணி?"

"அறை நெறைய."

அக்கா படகைப் பார்த்தார். அது சாதுவாக மிதந்துகொண்டிருந்தது. காய்ந்த சேலையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"சோறும் தின்னுட்டுத்தான் வந்தீங்களா?"

"ஆமாக்கா. நல்லாருந்துச்சு."

அக்கா புர்காவை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். செய்யது பதறினார். "ஏய், எங்க வார?"

"முப்பது வருசமா ஒங்க படகு போறதையும் வர்றதையும் கரையில நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். பயந்து பயந்து ஒரு நாளும் ஏறுனதில்ல. இம்புட்டு நடந்தும் முங்காம வந்திருக்குல்ல? இதுல ஏறலாம்."

நான் கை கொடுத்தேன். சவரி முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அக்கா ஏறி, ஈரத்தைப் பிழிந்துவிட்டு, பின்பக்கப் பலகையில் வசதியாக உட்கார்ந்தார். படகு லேசாக ஆடியது. பக்கக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கடலைப் பார்த்தார். கரையில் நின்ற சனத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

சுக்கானில் பாதி இல்லை. பின்னறை நிறையத் தண்ணீர். பாய் சுருட்டிக் கிடந்தது.

"ம்" என்றார் அக்கா, சவரியைப் பார்த்து. "எப்பக் கெளம்புறோம்?"